ஜீப்பு ஏறாத பாதை

என் ராசா முத்தையா,

அன்றைக்குக் காலேஜில் பிரின்சிபால் அம்மா முன்னால் நின்றது நாலு பேர். நான், உன் மகள் மல்லிகா, உன் பெண்டாட்டி பேச்சியம்மா, அவள் தம்பி தங்கராசு.

"தாய்மாமன் இல்லாம நல்ல காரியமா, அத்தை?" என்று பேச்சியம்மாதான் அவனை ஜீப்போடு வரச் சொன்னாள். போடிமெட்டு இறங்கும்வரை அவன் வளைவுக்கு வளைவு கண்ணாடியில் பிள்ளையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"எந்த ஸ்கூல்ல படிச்சே?" என்றார் அந்தம்மா.

"ஸ்கூலுக்கே போகல மேடம். எங்க மலைமேல மலையாளப் பள்ளிக்கூடம்தான் இருக்கு. அப்பா ஏலக்கா காயவைக்கிற ஸ்டோர்ல வச்சுத் தமிழ்ல சொல்லிக்கொடுத்தாரு. பிரைவேட்டா பரீட்சை எழுதிப் பாஸானேன்."

காய் உலரும் அந்தச் சூட்டில், கதவில் கரித்துண்டால் நீ போட்டுக்காட்டிய கணக்குகள் வீண்போகவில்லை. அந்தம்மா கேட்டதற்கெல்லாம் மல்லிகா நின்றபடியே பதில் சொன்னாள். "ஹாஸ்டல்ல விடுவீங்களா?" என்று அவர் சிரித்தார்.

தங்கராசு முந்திக்கொண்டான். "எனக்குப் பேசி வச்ச பொண்ணுங்க. ஆவணியில கல்யாணம். சும்மா ஆசைக்குக் கூட்டியாந்தோம்."

யார் பேசியது? எப்போது? நீ கண்ணை மூடி இன்னும் வருஷம்கூடத் திரும்பவில்லையே, அப்பு! "அப்படியாம்மா?" என்று அவர் பேச்சியம்மாவைக் கேட்டார். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஒரு 'இல்லை' போதாதா?

"திங்கக்கிழமை வரைக்கும் சீட்டை வைக்கிறேன். கல்யாணம் இல்லேன்னா வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து மெட்டில் எந்த ஜீப்பும் எங்களை ஏற்றுவதில்லை. "தங்கராசண்ணே சொல்லிருக்காரு ஆத்தா. எனக்கெதுக்கு வம்பு?" என்கிறான், நம் வீட்டுச் சோறு தின்ற டிரைவர். சாயங்காலமானால் தங்கராசின் ஜீப்பு நம் வாசலுக்கு எதிரே வந்து நிற்கிறது. அவன் இறங்குவதுமில்லை, போவதுமில்லை. பேச்சியம்மா காப்பி கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

"அப்பத்தா, நடந்தே போயிருவமா?" என்றாள் மல்லிகா நேற்று, சத்தமில்லாமல்.

போகிறோம். காய் மூட்டை இறக்கிய பழைய கழுதைப் பாதை இன்னும் இருக்கிறது. மழையில் வழுக்கும், அட்டை ஏறும். ஏறட்டுமே. இதைத் தங்கராசு படித்தாலும் படிக்கட்டும், அந்தப் பாதையில் ஜீப்பு ஏறாது. திங்கட்கிழமை உன் மகளை அந்தம்மா முன்னால் நிறுத்துவேன். உன் மேல் சத்தியம்.

தங்கராசு ஆசைப்பட்டான், பொய் சொன்னான். அவனை ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். பெற்றவளாயிருந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றாளே பேச்சியம்மா, அவளை மாட்டேன்.

உன்னைப் பெத்த ஆத்தா.