வலது காலில் மஞ்சள் வளையம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் கிடைக்காத முகாமில் போய் உட்கார்ந்திருக்கிறாய். ஈமெயிலையாவது திறந்து பார். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள். இங்கே எல்லோரும் நலம், அப்பாவைத் தவிர.

இதயத்தில் அடைப்பு. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவர் அசைந்தால்தானே! அங்கே நீ வலையில் பிடித்து, வலது காலில் மஞ்சள் வளையம் மாட்டிப் பறக்கவிட்டாயே ஓர் உள்ளான் குருவி, அது நம் கழிமுகத்துக்கு வந்து சேர வேண்டுமாம். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பாராம்.

"குருவி எண்ணுறவனுக்கு எவன் சோறு போடுவான்?" என்று உன்னிடம் கத்திய அதே மனுஷன்! இப்போது விடிந்ததும் பைனாகுலரும் கையுமாகச் சேற்றில் நிற்கிறார். "இத்தனூண்டு உடம்பு, கடல் மேல எங்கயும் உக்காராம வருதுய்யா, என் பையன் மாட்டின வளையத்தோட" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரே பெருமை. பாவம், அவர் இப்போது வேறு தெரு வழியாகப் போகிறார்.

பொறுக்க முடியாமல் முந்தாநாள் ஒரு பொய் சொன்னேன். அது வந்துவிட்டது, மஞ்சள் வளையத்தை நானே பார்த்தேன் என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டே எந்தக் கால் என்று கேட்டார். திருதிருவென்று விழித்து, இடது என்றேன். போச்சு! "இடது கால்னா வேற ஊர்க்காரங்க மாட்டினதும்மா" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

இந்த வருஷம் வழியெல்லாம் புயல் என்று நீயே எழுதியிருந்தாய். அது வராமலே போனால்? நாலு படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது. எனக்குப் பயமாக இருக்கிறதடா.

நான் உனக்கு எழுதப்போவது தெரிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவனை வரச்சொல்லி எழுதிடாதே, வேலையைக் கெடுத்துக்குவான்" என்றார். அடுத்த மூச்சிலேயே உன் அறை மின்விசிறி ஓடுகிறதா என்று கேட்டார். பிறகு அவரே போய் அறையைப் பெருக்கினார்.

அதனால் உன்னை வரச்சொல்லி நான் எழுதவில்லை. உன் மெத்தையை மட்டும் வெயிலில் காயப்போட்டிருக்கிறேன். நன்றாக இரு, கண்ணா.

உன் அக்கா