வலமாக ஓடியவளுக்கு

காலையில் காய்கறி வாங்கப் போனவள் நம் பள்ளிக்கூட மைதானத்து வாசலில் நின்றுவிட்டேன். விளையாட்டு விழாவுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசம் மூக்கில் ஏறியதும் உன் பெயரைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பூக்காரி ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும். நீ போன பிறகு எனக்கு வெட்கம் குறைந்துவிட்டது.

இந்த இடம் நாலைந்து குடும்பங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த கடலைக்காடு. கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை: நடுவில் வேம்படியில் இருக்கும் கல்சாமியை அசைக்கக் கூடாது. அசைக்கவில்லை. ஆனால் சாமியைச் சுற்றித்தானே ஓட வேண்டும்? ஊரெல்லாம் இடமாக ஓடுகிறது, நாமும் ஓடுவோம் என்று டிரில் மாஸ்டர் மன்றாடிப் பார்த்தார். "ஓட்டமோ நடையோ, சாமிய வலமாத்தேன் சுத்தணும்" என்று பெரியவர்கள் முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து நம் பள்ளிக்கூடமே வலமாக ஓடியது. அதில் உன்னை முந்த ஆள் கிடையாது.

எண்பதுகளின் தொடக்கம். நாம் பத்தாவது. மதுரையில் மாவட்டப் போட்டி. நானூறு மீட்டரில் முதலாவதாக வந்தால் அங்கேயே விடுதியில் தங்கிப் படிக்கலாம். பேரையூரில் உனக்கு மாப்பிள்ளை பேசி வைத்திருந்த உன் அப்பா, "செயிச்சா படி. இல்லாட்டி தையில கல்யாணம்" என்று சொல்லியிருந்தார். நீ பஸ்ஸில் என் கையை இறுக்கிக்கொண்டு, "நான் படிக்கப் போறேன்டி, பாத்துக்கிட்டே இரு" என்றாய்.

மதுரையில் இடமாக ஓட வேண்டும் என்று மாஸ்டர் கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். நீயும் தலையாட்டியிருந்தாய். ஆனால் கோட்டில் வந்து எதிர்ப்பக்கம் பார்த்து நின்றாய். "ஏம்மா, இந்தப் பக்கம்" என்று ஒருவர் உன் தோளைத் திருப்பிவிட்டார். கூட்டம் சிரித்தது. எனக்கு அழுகை வந்தது.

துப்பாக்கி வெடித்ததும் பறந்தாய். இரண்டாவது வளைவில்தான் உன் கால் பழக்கத்தைத் தேடிப் போனது. உடம்பு வலப்பக்கம் சாய்ந்து, பக்கத்துப் பிள்ளையின் கோட்டுக்குள் போய்விட்டாய். உனக்குப் பின்னால் சிவப்புக் கொடி ஏறியது. முதலாவதாக வந்தும் உன்னைச் சேர்க்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நீதான் பேசினாய். "முந்துனது முந்துனதுதேன்டி. கோடு அவுகளது, காலு என்னுது." தையில் பேரையூர் போய்விட்டாய். எனக்கு அதன் பிறகு வாய்த்த சிநேகிதிகள் நல்லவர்கள்தான். ஆனாலும் நீ இல்லை.

போன மாதம் உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்தபோது, உன் மகள் அழுதுகொண்டே கேட்டாள். "மதுரையில எங்கம்மா மொதலா வந்துச்சாம்ல பெரியம்மா, நெசமா?"

"ஆமாத்தா. அம்புட்டுப் பேருக்கும் முன்னாடி வந்தா. நான் கிட்ட நின்னு பாத்தேன்."

கொடியைப் பற்றி நீ அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை. கடைசி நேர்கோட்டில் சடை பறக்க நீ தனியாக வந்தாயே, கொடி ஏறியது உனக்குத் தெரியாது. விடுதிக்குப் போகப்போகிறோம் என்றே சிரித்துக்கொண்டு வந்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்தவள் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம்.