குட்டி முகம் திருப்பும் நேரம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மூன்று வீடு, மூன்று வாஷிங் மெஷின் ரிப்பேர். மூன்றாவதில் ஸ்பேனரைக் காணோம் என்று அரை மணி நேரம் வீட்டையே புரட்டினேன். என் பின்பாக்கெட்டில் இருந்தது.

மாலையில் காமிராவோடு ஒரு அக்கா வந்தார். குழந்தைநல மையத்து ஆலோசகர். பெற்றோரில் ஒருவருக்கு ஏடிஹெச்டி (கவனம் ஓரிடத்தில் நிற்காத, சும்மா இருக்க முடியாத நிலை) இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு கூடுதலாம். அந்த ஒருவர் நான்தான். போன வருடம்தான் மருத்துவர் அந்தப் பெயரைச் சொன்னார். அதுவரை ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நானும் என் ஆறு மாத மகள் குட்டியும் விளையாடுவதை அக்கா படம் பிடிப்பார். பிறகு என்னோடு உட்கார்ந்து பார்ப்பார்.

"இதனால அவளுக்கு வராம இருக்குமா?"

"அத யாராலயும் சொல்ல முடியாது. தன்னை அமைதிப்படுத்திக்க அவ இப்பவே பழகுறா. அதுக்கு நீங்க தோதா இருக்கலாம். அவ்வளவுதான்."

நேர்மையான பதில். அக்காவைப் பிடித்துவிட்டது.

மார்ச் 5, வியாழன்

விளையாடும்போது குட்டி என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் அம்மாவிடம் இப்படிச் செய்வதில்லை. எழுதவே கஷ்டமாக இருக்கிறது — என் பிள்ளைக்கு என்னைப் பிடிக்கலையோ?

மார்ச் 10, செவ்வாய்

படம் பார்த்தோம். நான் கிலுகிலுப்பையை ஆட்டுகிறேன், குட்டி சிரிக்கிறாள். அரை நிமிடத்தில் முகத்தைத் திருப்புகிறாள். உடனே பொம்மை வாத்தோடு அந்தப் பக்கம் போகிறேன். இந்தப் பக்கம் திரும்புகிறாள். கைதட்டுகிறேன், பாடுகிறேன், தூக்கிக் குலுக்குகிறேன். அழுகை. மனைவி வந்து வாங்கிக்கொள்கிறாள்.

அக்கா படத்தைப் பின்னால் ஓட்டி நிறுத்தினார். "இங்க என்ன பண்றா?"

"சலிச்சுப் போச்சு அவளுக்கு."

"கையப் பாருங்க."

கை மெதுவாக வாய்க்குப் போகிறது. கண் சுவரில். மூச்சு நிதானமாகிறது. தலை என் பக்கம் திரும்பப் போகிற நேரத்தில், வந்துவிட்டது வாத்து.

"சலிப்பு இல்லீங்க. விளையாட்டு அவளுக்குக் கொஞ்சம் அதிகமாயிடுச்சு, மூச்சு வாங்கிக்கறா. திரும்பி வரத்தான் போறா."

சே. மெஷின் நின்றதும் கதவை இழுக்காதீர்கள், பூட்டு விட இரண்டு நிமிடம் ஆகும் என்று வீடு வீடாகச் சொல்கிறவன் நான்.

மார்ச் 11, புதன்

ஏழு வினாடி. பதினொன்று. நான்கு. (முகம் திருப்பியவள் மறுபடி என்னைப் பார்க்கும் வரை, கைக்கடிகாரத்தில்.)

மார்ச் 15, ஞாயிறு

டிவி ஓடினால் இருபதைத் தாண்டுகிறது. அணைத்தால் எட்டு. தூங்கி எழுந்தவுடன் இன்னும் குறைவு. ஏன் எப்போதும் ஜன்னல் திரைச்சீலையின் ஓரத்தையே பார்க்கிறாள்? பக்கத்தில் படுத்து, அவள் உயரத்தில் தலையை வைத்துப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. அதனால்தானோ என்னவோ.

மார்ச் 17, செவ்வாய்

காத்திருப்பது எனக்கு ஆகாத காரியம். கை துறுதுறுக்கிறது. "கையத் தொடைக்கு அடியில வச்சுக்கோங்க" என்றார் அக்கா. கால் ஆடியது. "ஆடட்டும், கால அவ பாக்கல."

பத்தொன்பது வினாடி. திரும்பினாள். பொம்மை இல்லை, பாட்டு இல்லை, நான் மட்டும் இருந்தேன். சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா காமிராவை நிறுத்தியிருக்கலாம்.

மார்ச் 24, செவ்வாய்

முட்டாள் நான். குட்டி வீறிட்டு அழ, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். மனைவி ஓடிவந்தாள். "அழற புள்ளய வேடிக்கையா பாக்கறீங்க?"

அக்காவுக்குப் போன் போட்டேன். "முகத்தத் திருப்பினா காத்திருங்க. அழுதா தூக்கிக்கோங்க. இந்த வயசுல தனியா அவளால முடியாது. உங்க நெஞ்சுல சாஞ்சுதான் பழகணும்." எனக்கு எதுவும் ஒரே பாய்ச்சல்தான், நடுவில் நிற்கத் தெரியாது.

ஏப்ரல் 7, செவ்வாய்

அந்தப் பத்தொன்பது வினாடியை அக்கா மனைவிக்கும் போட்டுக் காட்டினார். அவள் படத்தைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தாள்.

ஏப்ரல் 18, சனி

குட்டிக்குத் தடுப்பூசி நேற்று. கூட்டிப்போகிறேன் என்றவன் நான், மறந்தே போனேன். மனைவி காலையில் ஊசி அட்டையை எடுத்து வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் பக்கம்தான் நியாயம். நாலு வாக்கியத்துக்கு மேல் எனக்குத் தாங்கவில்லை; பேச்சின் நடுவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து இதில்தான் சண்டை பெரிதாகும். பின்னாலேயே வந்து முகத்துக்கு நேரே நிற்பாள், நான் வாசலுக்குப் போவேன், வாசலுக்கும் வருவாள்.

இன்று வரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. அவள் எண்ணியிருப்பாள்.

திரும்பினேன். குட்டி அவள் மடியில் இருந்தாள்.

"சொல்லு" என்றேன்.

விட்ட இடத்திலிருந்து சொன்னாள். முழுக்கக் கேட்டேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு ஊசி. மூன்று பேரும் போகிறோம்.