மழையிலும் அணையாத சாண அடுப்பு

அன்பு மகள் பிரித்திகாவுக்கு,

புத்தலப்பட்டிலிருந்து அம்மா. நாங்களும் எருமைகள் ஐந்தும் சுகம். அந்தப் புனே குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் என் நினைப்பு. பால் தெறித்து என் விரல் வெந்துபோனதால் உன் தங்கை யாமினி எழுதுகிறாள். போனில் பேசினால் உன் நைனா பக்கத்திலேயே நின்றுகொள்கிறார், ஆடியில் நடந்ததையோ உன்னிடம் சொல்லவே கூடாது என்று கட்டளை, அதனால் அவர் தூங்கிய பிறகு எழுதுகிறோம். உள்ளே இருமல் கேட்டாலே இவள் பேனா நின்றுவிடுகிறது.

ஆடியில் ஒரு மாதம் நம் பால்கோவா கடைக்குப் போகாததற்கு எருமைக்கு உடம்பு சரியில்லை என்று நைனா சொன்னாரே, அது கதை. நீ அடம்பிடித்துக் கட்டவைத்த சாண எரிவாயுத் தொட்டியில், கெட்டுப்போன பாலையும் புளித்த மோரையும் குடம் குடமாக ஊற்றிவிட்டார். கேட்டால், "அதுவும் நம்ம ஊட்டு உசுருதானே, தினம் சாணியே துன்னுமா" என்கிறார்! தொட்டி புளித்து, கோவா கிண்டும் அடுப்பில் சுடரே வரவில்லை. புதுச் சாணமும் சுண்ணாம்பும் கரைத்து ஊற்றி அதை எழுப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. திருப்பதிக் கடைக்கார இஸ்மாயில் பாய், "இன்னொரு தபா சரக்கு நின்னுச்சுன்னா ரங்கையாகிட்டயே வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். பக்கத்துத் தெரு ரங்கையா சிலிண்டரில் கோவா கிண்டுகிறவர். பாய் கடை போனால் நமக்கு வேறு கடை ஏது?

பிறகு வந்தது கார்த்திகை மழை. வெள்ளம் ரோட்டை அறுத்துக்கொண்டு போனது. சிலிண்டர் லாரியும் வரவில்லை, சென்னையிலிருந்து கோவா அடைக்கும் பிளாஸ்டிக் டப்பாவும் வரவில்லை. ரங்கையா அடுப்பு அணைந்தது, நம் அடுப்பு எரிந்தது. நீ சொன்னபடி கோவாவை மந்தாரை இலையில் கட்டினோம். வேன் போகாததால் நைனா மழைக்குத் தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு, பாகாலா ஸ்டேஷனில் ரயிலேறித் திருப்பதிக்குக் கோவாவைக் கொண்டுபோனார். பாய், "ஊரே நின்னுபோச்சு, நீ மட்டும் எப்படிய்யா வந்துகினு இருக்கற?" என்று கேட்டாராம். "எங்க அடுப்புக்கு லாரி வேணாம் பாய், எருமை இருந்தா போதும்" என்றாராம் இவர். கடை இனி நமக்கே.

பாவம், ரங்கையா வீட்டுப் பாலும் கெடக்கூடாது என்று அதையும் நம் அடுப்பிலேயே கிண்டிக் கொடுத்தோம். சாணம் கரைத்து இடுப்பு ஒடிகிறதுதான், ஆனால் மழையைப் பார்த்தால் இப்போது பயமில்லை. தொட்டி கட்டும் யோசனையே தன்னுடையது என்று நைனா டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறார், நீ சிரித்துவிட்டு விட்டுவிடு.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு ஆபீஸ் போகாதே. பொங்கலுக்கு டிக்கெட் போட மறக்காதே. ஏழுமலையான் உனக்குத் துணையிருப்பான், நூறாண்டு நிறைவாக இரு.

உன் அம்மா,
செங்கம்மா

அக்கா, இது யாமினி. நைனா முழித்து என் பின்னால் வந்து நின்றுவிட்டார். படிக்கச் சொன்னார். முதலிலிருந்து படித்தேன். மோர் ஊற்றிய இடத்தில் நிறுத்தினேன், "ம், படி" என்றார். கடைசியில், "எல்லாம் சரியாத்தான் எழுதிக்கினு இருக்கீங்க. ரங்கையாவும் சாணி தரேன்றான், ரெண்டாவது தொட்டி எங்க தோண்டலாம்னு அவளையே கேளு. இந்தத் தபா மோர் ஊத்தமாட்டேன்னும் எழுது" என்றார்.