சத்தம் நின்றால் கதவைத் தட்டாதே

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துவிட ஆளில்லை என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு டீச்சரம்மா என்னை முறைத்தாள், ஏதோ நான்தான் உன் முதுகில் ஏறி மிதித்த மாதிரி. டீச்சரம்மா என்பது கல்யாணமான புதிதில் என் பெண்டாட்டிக்கு நான் விளையாட்டாக வைத்த பெயர். இப்போது எனக்கே பயமாக இருப்பதால் அப்படியே கூப்பிடுகிறேன்.

உன் கடிதத்தைக் கிரேன் கேபினில் உட்கார்ந்துதான் படித்தேன். கீழே லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது கூடக் காதில் விழவில்லை.

வாண்டு அரையாண்டுப் பரீட்சையில் இயற்பியலைக் கோட்டை விட்டுவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். பள்ளி விட்டு வந்ததும் மகளை அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுகிறாய். அவள் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். நீ அடுப்படியில் நின்றபடி காது கொடுத்துக் கேட்பாய். சத்தம் நின்றால் கதவைத் தட்டுவாய். அப்படியும் மார்க் ஏறவில்லை, இப்போது சரியாகச் சாப்பிடுவதுமில்லை, உன்னோடு பேச்சையே நிறுத்திவிட்டாள் என்கிறாய். இன்னொரு தடவை தவறினால் பள்ளியை விட்டு நிறுத்தி, தெரிந்தவர் துணிக்கடையில் சேர்த்துவிடலாம் என்று நீயும் அத்தானும் பேசி முடித்துவிட்டீர்கள். மாமன் சொன்னால் கேட்பாள், உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை எழுதுடா என்று எனக்கு உத்தரவு. அதற்கும் கீழே, "உன் மண்டைதான்டா அவளுக்கும்" என்று ஒரு வரி.

அந்த வரி சுருக்கென்றது, அக்கா. சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். ஆனால் அதை வாண்டுவின் தலையிலும் நீ கட்டுவதைப் பார்த்தபோது கோபம்தான் வந்தது. அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும். முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு படி.

முதலில் என் கதை. சரக்கு ஏற்றி இறக்கும் எங்கள் யார்டில் புது விதி போட்டார்களே, கிரேன் ஓட்டுகிறவன் எல்லாம் எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் கிரேனை விட்டு இறக்கி கேட்டில் காவலுக்கு நிறுத்திவிடுவோம் என்று. முதல் தடவை நான் தவறியதைப் போனில் சொன்னேன். எப்படித் தவறினேன் என்பதைச் சொல்லவில்லை, வெட்கம். யாரோ பழைய வினாத்தாளின் விடைகளைக் கொண்டுவந்தார்கள். அ, ஆ, இ, ஈ என்று தேர்ந்தெடுக்கிற விடைகள்தானே? அதற்கு ஒரு மெட்டுப் போட்டோம். "ஆ, ஈ, அ அ, இ" என்று கேன்டீனில் டீ டம்ளரைத் தட்டித் தட்டி ஷிஃப்ட் முழுக்கப் பாடினோம். பரீட்சைக்குப் போனால் அதே கேள்விகள்தான், வரிசையை மட்டும் மாற்றிவிட்டார்கள். மொத்த ஷிஃப்டும் கவிழ்ந்தது. பாஸானவன் ஒரே ஒருவன். பரீட்சைக்கு முந்தின வாரம் காய்ச்சலில் வீட்டில் கிடந்ததால் அவனுக்கு எங்கள் பாட்டுத் தெரியாது.

சிரிக்கிறாயா? சிரி. டீச்சரம்மா சிரிக்கவில்லை. அவள் பள்ளியில் இந்த வருஷம் அவளுக்கு ஒரு புது வகுப்புக் கொடுத்திருக்கிறார்கள். பாடம் நடத்துவது இல்லை; பாடத்தை எப்படிப் படிப்பது என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற வகுப்பு. படிக்கிறதுக்கே ஒரு வகுப்பா, அப்புறம் கொட்டாவி விடுறதுக்கும் ஒண்ணு வைப்பீங்களா என்று நான்தான் கிண்டலடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போக, கொடுக்கப் போனவன் ஜன்னல் ஓரம் நின்று அந்த வகுப்பைப் பார்த்தேன்.

பிள்ளைகள் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கையில் கலர் பேனா. முக்கியமானதற்குக் கோடு போடுகிறேன் என்று ஆரம்பித்துப் பக்கம் முழுக்க மஞ்சளாக்கி வைத்திருந்தார்கள். தெரிஞ்சுதா என்று கேட்டாள். தெரிஞ்சுது டீச்சர் என்று கூரை அதிரக் கத்தினார்கள். சரி, புத்தகத்தை மூடுங்க, வெள்ளைத் தாளில் ஞாபகம் இருக்கிறதை எல்லாம் எழுதுங்க என்றாள். அவ்வளவுதான், ஆளுக்கொரு பேனா முனையைக் கடிக்க ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண், எப்போதும் முதல் மார்க் வாங்குகிறவளாம், இரண்டு வரி எழுதிவிட்டுக் கண்ணைக் கசக்கினாள். டீச்சரம்மா குனிந்து அவளிடம், இப்ப திணறுறியே, இதுதான்மா படிப்பு, இதுக்கு முன்னாடி நீ செஞ்சது வெறுமனே பார்த்தது என்றாள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை மட்டும் பார்த்துவிட்டு மறுபடியும் மூடச் சொன்னாள். வீட்டில் என் கிரேன் புத்தகமும் மஞ்சளாகத்தான் கிடந்தது.

அன்றைக்கே டீச்சரம்மாவிடம் சரணடைந்தேன். அவள் செய்த முதல் காரியம், புத்தகத்தைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்ததுதான். கேள்விகளைத் துண்டுத் துண்டுக் காகிதத்தில் எழுதச் சொல்லி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டாள். லாரிக்காகக் காத்திருக்கிற நேரத்தில் குலுக்கி ஒன்றை எடுக்க வேண்டும், பதிலை நானே சொல்ல வேண்டும், அப்புறம்தான் சரிபார்க்கலாம். தப்பானால் துண்டு மறுபடியும் டப்பாவுக்குள். சரியாகச் சொன்னதை எடுத்து வைத்துவிட்டுச் சில நாள் கழித்து, நான் மறக்கிற சமயம் பார்த்துத் திரும்பக் கேட்பாள். மறந்த பிறகு கேட்டா நான் எங்கே போவேன் என்று கத்தினேன். போகப் போறதை எட்டிப் புடிச்சு இழுத்தாதான் அது நிக்கும் என்றாள். டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, கட்டிலுக்கடியில் புகுந்து துண்டுகளைப் பொறுக்கினேன். உன் தம்பியின் வீரம் உனக்குத் தெரியாததா?

ஒரு நாள், கிரேனின் கை நீள நீளத் தூக்கக்கூடிய எடை குறையும் என்று ஒப்பித்தேன். ஏன் என்றாள். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கு என்றேன். புத்தகத்தைக் கேக்கல, உன்னைக் கேக்கிறேன், ஒண்ணும் தெரியாதவளுக்குச் சொல்ற மாதிரி சொல்லு என்று ஒரு வாளித் தண்ணீரை என் கையில் கொடுத்தாள். நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன், கனம் ஒன்றும் தெரியவில்லை. கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னாள். தரையெல்லாம் தண்ணீர். ஆனால் அந்த ஈரத்தில் நின்று அவளுக்கு விளக்கிக்கொண்டே வந்தபோது, பாதி வாக்கியத்தில் எனக்கே புரிந்துவிட்டது. காரணத்தை இங்கே எழுத மாட்டேன். ஏன் என்று கடைசியில் தெரியும்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நம் பழைய வீடு ஞாபகம் வந்தது. அம்மா வேலைக்குப் போய்விடுவாள். நீயே சின்னப் பெண். உலையும் வைக்க வேண்டும், என்னையும் படிக்க வைக்க வேண்டும். வேறு என்ன செய்வாய், அங்கிருந்தே சத்தமாப் படிடா என்பாய். சத்தம் நின்றால் கரண்டியோடு வருவாய். உன்னைக் குறை சொல்லவில்லை, அக்கா. உன்னை உட்கார வைத்து, நீ படிச்சியாம்மா என்று கேட்க அந்த வீட்டில் யார் இருந்தார்கள்? ஆனால் அங்கே நான் ஒன்று பழகிக்கொண்டேன். வாய் பாட்டுக்குப் படிக்கும், நான் தெருவில் கோலி விளையாடிக்கொண்டிருப்பேன். அதெல்லாம் உன் காதுக்காகப் படித்தது. என் தலைக்கு ஒரு சொல்லும் போகவில்லை.

வாண்டுவும் அதைத்தான் செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். போன மாதம் நீ போனில் பேசும்போது பின்னால் அவள் படிப்பது கேட்டது. நீ முதுகுவலியைச் சொல்லும்போது ஒரு பத்தியைப் படித்தாள். அத்தானைத் திட்டும்போதும் அதே பத்தி. போனை வைக்கும்போதும் அதே பத்திதான். சத்தம் இருந்ததால் உனக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கு மட்டும் என் குரலே கேட்டது போல இருந்தது.

அப்புறம், நான் இரண்டாம் தடவை எழுதிய பரீட்சைக்கு ரிசல்ட் வந்துவிட்டது. உன் கடிதம் வந்த அன்றைக்கே. பாஸ். போனில் சொல்லாமல் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று அடக்கி வைத்திருந்தேன். இந்த மண்டைதான் எழுதியது, அக்கா, வேறு மண்டை வாங்கி வரவில்லை.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், அந்தத் தாழ்ப்பாளை எடுத்துவிடு. சத்தம் நின்றால் கதவைத் தட்டாதே. சுவரைப் பார்த்துக்கொண்டு எதையோ உள்ளேயிருந்து இழுத்துக்கொண்டிருப்பாள், தட்டினால் அறுந்துவிடும். எவ்வளவு படிச்சே என்று கேட்காதே; எனக்குக் கொஞ்சம் சொல்லேன் என்று பக்கத்தில் போய் உட்கார். திக்குவாள், திணறுவாள், அப்போது உச்சுக்கொட்டிவிடாதே. துணிக்கடைப் பேச்சை வருஷப் பரீட்சை முடிகிறவரை யாரும் எடுக்க வேண்டாம் என்று அத்தானிடம் நான் சொன்னதாகச் சொல். லீவு விட்டதும் அவளை இங்கே அனுப்பு. டீச்சரம்மா இப்போதே இன்னொரு பிஸ்கட் டப்பாவைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டாள். காலி செய்வது நான்தான்.

நீ கேட்ட திட்டுக் கடிதத்தையும் தனி உறையில் ஒட்டி இதோடு வைத்திருக்கிறேன். பிரிக்காமல் வாண்டுவிடம் கொடு. அதில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: கிரேனின் கை நீண்டால் தூக்குகிற எடை ஏன் குறைகிறது? அவள் தவறிய பாடத்தில்தான் இருக்கிறது. பதிலை அவள் எனக்கு எழுதக் கூடாது. உனக்குச் சொல்ல வேண்டும். உனக்குப் புரிந்ததை நீ உன் கையால் எனக்கு எழுத வேண்டும். உனக்குப் புரிந்தால் அவள் பாஸ்.

வேண்டுமானால் வாளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீ கையை நீட்டிப் பிடித்துப் பார்க்காதே, உன் முதுகு தாங்காது. பக்கத்தில் வைத்துக்கொண்டால் அவ்வளவு கனம் தெரியாது. பக்கத்திலேயே வைத்துக்கொள், அக்கா.

இப்படிக்கு,
கிரேனை விட்டு இறங்காத
உன் தம்பி