அண்ணனின் வண்டிக்கு மூன்றாம் இடம்

மார்ச் 4, செவ்வாய்

நல்ல செய்திதான். ஆனால் உள்ளே சிக்கல் இருக்கிறது. டிக்கியில் எத்தனை பெட்டி பிடிக்கும் என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்த எனக்கு, எங்கள் கார் இதழின் ஆசிரியர் இன்று அட்டைப்படக் கட்டுரை கொடுத்தார். ஒரே பெயரில் வந்த ஸ்போர்ட்ஸ் காரின் மூன்று தலைமுறைகள். அறுபதுகளில் வந்தது, எண்பதுகளில் வந்தது, தொண்ணூறுகளின் கடைசியில் வந்தது. இரண்டு பேர் உட்காரலாம், கூரையை மடக்கலாம். மூன்றையும் ஓட்டிப் பார்த்து, ஓட்டுகிற சுகம் எதில் அதிகம் என்று நான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

சிக்கல் ஒன்று: நடுவில் வந்தது ஆசிரியரின் சொந்த வண்டி.

சிக்கல் இரண்டு: மூத்த தலைமுறையில் இந்த ஊரில் ஓடும் நிலையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது என் அண்ணனிடம்.

"உங்க அண்ணன்தானேம்மா, ஒரு வார்த்தை கேட்டா குடுத்துட மாட்டாரா?" என்றார்.

அண்ணனைத் தெரியாதவர் பேசுகிற பேச்சு.

மார்ச் 6, வியாழன்

அண்ணன் பல் டாக்டர். நோயாளிகள் அவனைப் பொறுமையின் சிகரம் என்பார்கள். அந்த வண்டியைத் துருப்பிடித்த வெறும் கூடாக வாங்கி, வருஷக்கணக்கில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையையும் அதற்குத் தீனியாகப் போட்டு, புதிதுபோல ஆக்கி வைத்திருக்கிறான். வேலை முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. தெருமுனை தாண்டியதில்லை.

போனில் கேட்டேன்.

"யார் ஓட்டுவா?"

"நான்தான்."

"தனியாவா?"

"பின்னே?"

 

"நானும் கூட வருவேன்" என்றான்.

மார்ச் 9, ஞாயிறு

எழுதினால்தான் கோபம் இறங்கும்.

அண்ணன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். உட்கார்ந்தானா? கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். நான் கியர் மாற்றும்போதெல்லாம் அவன் வலது கால் தரையை மிதித்தது, அங்கே பிரேக் இருப்பதுபோல.

வண்டி அழகு. அதில் சந்தேகமில்லை. நின்றிருக்கும்போதே ஓடுவதுபோல ஒரு வளைவு, மெல்லிய மர ஸ்டீயரிங், டயல்களில் தட்டினால் துள்ளுகிற முட்கள். ஆனால் ஓட்ட ஆரம்பித்தால்? ஈரச் சிமெண்டைக் கரண்டியால் கிளறுவதுபோல இருக்கிறது ஸ்டீயரிங். பிரேக்கை மிதித்தால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டு நிற்கிறது. ரோட்டில் ஒரு கோடு கிழித்திருந்தால் போதும், சக்கரம் அதன் பின்னாலேயே போய்விடுகிறது. என்ஜின் மட்டும் பாவம், முழு மனதோடு பாடுகிறது.

மலை ஏறும்போது ஒரு வளைவில், ஒரே ஒரு கணம், கையில் இருந்த கனம் கழன்றது. பின்சக்கரம் எங்கே இருக்கிறது என்று இடுப்புக்குத் தெரிந்தது. இதுதானா? இதற்காகத்தான் உலகமே இந்த வண்டிக்கு உருகுகிறதா? அடுத்த கியருக்குக் கை போனது.

"மெதுவா! மெதுவா! கல்லு தெறிக்குது பாரு!"

போச்சு. திரும்பி வரும்வரை சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். ஒருவர் கையசைத்துவிட்டு வேறு போனார்.

மார்ச் 10

தோள்பட்டை விண்விண் என்கிறது. வண்டி செய்ததா, அண்ணன் செய்ததா?

மார்ச் 13, வியாழன்

எனக்கு வாய் சும்மா இருக்காது. பழைய கையேட்டில் பார்த்தேன்: அந்த வண்டிக்கு அப்போது கொடுத்த டயர் ஒல்லியானது. அண்ணன் போட்டிருப்பது அகலமான இந்தக் காலத்து டயர். ஸ்டீயரிங் கனக்க அதுவே காரணமாக இருக்கலாம். கிளினிக்குக்கே போய்ச் சொன்னேன்.

"பிடிமானத்துக்காகப் போட்டது" என்றான், கையைக் கழுவிக்கொண்டே.

"பிடிமானம் ஜாஸ்தியாப் போச்சுண்ணா. அதனாலதான் திரும்ப மாட்டேங்குது."

"ஒரு மணி நேரம் ஓட்டிட்டு எனக்குச் சொல்லித் தர்றியா நீ?"

"ஒரு மணி நேரமாவது ஓட்டினேனே! நீ எவ்வளவு ஓட்டின?"

சொல்லியிருக்கக் கூடாது. வரவேற்பறையில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் "அடுத்து யாரும்மா?" என்று நர்ஸைக் கேட்டான். அவ்வளவுதான், நான் கிளம்பலாம் என்று அர்த்தம்.

தனியாக ஒருமுறை ஓட்டக் கேட்கத்தான் போனேன். கேட்கவே இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஆசிரியரின் வண்டி. நல்லவேளை, அவர் கூட வரவில்லை. ஆனால் சாவியைக் கொடுப்பதற்கு முன் அரைமணி நேரம் பிரசங்கம்.

டர்போ வண்டி. காலை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. இன்னும் அழுத்தினால் இன்னும் ஒன்றும் நடக்காது. "சரி, இவ்வளவுதான் போல" என்று நினைக்கும்போது முதுகில் ஒரு உதை. அந்த உதை வளைவின் நடுவில் வந்தால் வண்டி ரோட்டை விட்டே போகப் பார்க்கும். இரண்டு தடவை வந்தது. இறங்கியபோது சிரிப்பும் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பிழைத்த சிரிப்பு. மூத்த வண்டி என்னைக் கண்டுகொள்ளவில்லை. இது என்னைப் பயமுறுத்திப் பார்க்கிறது.

"எப்படி, நம்மாளு?" என்றார்.

"நல்ல வேகம் சார்."

"கடைசிப் பாராவுக்கு வார்த்தை கிடைக்கலேன்னா சொல்லுங்க. நானே போட்டுடறேன்."

மார்ச் 18, செவ்வாய்

இளையது, எங்கள் அலுவலகத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவுடையது. தினமும் கடைக்கு அதில்தான் வருகிறார். சீட்டில் வெங்காயத் தோல், கண்ணாடியில் பறவை எச்சம். ஆர்வலர்கள் யாரும் இந்தத் தலைமுறையை மதிப்பதில்லை. "பொம்மை வண்டி" என்பார்கள்.

சாவியைக் கல்லாவுக்கு மேலாகத் தூக்கிப் போட்டார். "ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். சமாதானமாப் போங்க, விழும்."

"நீங்க வரலையா?"

"நான் எதுக்கு? கடையை யாரு பாக்கறது?"

நான்காவது வளைவில் குறிப்பெடுக்கும் நோட்டை மறந்துவிட்டேன். நினைத்தால் திரும்புகிறது. நினைப்பதற்கு ஒரு நொடி முன்னால் திரும்புகிறதோ என்றுகூடத் தோன்றியது. வேகம் அதிகமில்லை. தப்பு செய்தால் "இங்கே தப்பு செய்தாய்" என்று கைக்கு வந்து சொல்கிறது, தண்டிப்பதில்லை. அணைவரை போய்விட்டு, இன்னொரு தடவை போனேன். எரிச்சலே வராத ஒரே நாள் இந்த மாதத்தில்.

மார்ச் 19

எரிச்சல் வந்துவிட்டது. எழுத உட்கார்ந்தால் இளைய வண்டியைப் பற்றி நோட்டில் ஒரு வரியும் இல்லை. குறையைப் பக்கம் பக்கமாக எழுத வருகிறது. சுகத்தை எப்படி எழுதுவது?

மார்ச் 22, சனி

கட்டுரை கொடுத்தாயிற்று. முதலிடம் இளையது. இரண்டாவது ஆசிரியருடையது. மூன்றாவது அண்ணனுடையது. யாருக்கும் பிடிக்கப்போவதில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும், ஓட்டியது நான்.

ஏப்ரல் 2, புதன்

இதழ் வந்தது.

கடைசிப் பாரா என்னுடையது இல்லை. "மூத்ததின் ஆன்மாவும் இளையதின் நளினமும் ஒன்றுசேரும் நடுத் தலைமுறையே மகுடம் சூடுகிறது." மகுடமாம்! நளினமாம்! நான் ஜென்மத்தில் எழுதாத சொல். கீழே என் பெயர், தடித்த எழுத்தில்.

அவர் அறைக்குப் போனேன். "கொஞ்சம் மெருகேத்தினேன்மா, வாசகருக்கு ஒரு முடிவு வேணும்ல?" என்கிறார். நான் முடிவோடுதானே கொடுத்தேன்? அவருக்கு என் கோபம் புரியவே இல்லை, அதுதான் கோபத்தை இன்னும் ஏற்றுகிறது. டீ வாங்கித் தரச் சொல்லட்டுமா என்று கேட்கிறார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஹாலில் இதழ் கிடந்தது, அந்தப் பக்கத்தில் மடித்து.

"நடுவுல வந்ததுதான் பெஸ்ட்டாமே."

"அது நான் எழுதினதில்ல."

"உன் பேர் போட்டிருக்கு."

"பேர் மட்டும்தான் என்னுது."

"அப்ப நீ என்ன எழுதின?"

மழுப்பியிருக்கலாம். அண்ணி அடுக்களையிலிருந்து கண்ணைக் காட்டினார், வேண்டாம் என்று. ஆனால் ஒரு பொய்யை என் பெயரில் அச்சடித்துவிட்டார்கள், இன்னொன்றை நானே என் வாயால் சொல்ல வேண்டுமா?

"மருந்துக்கடை அம்மாவோடது முதல். உன்னுது மூணாவது."

கத்துவான் என்று நினைத்தேன். இதழை எடுத்து, படத்தில் இருந்த தன் வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"ஓட்டறதுக்கு நல்லா இல்லைன்னு. முடிச்ச மறுநாளே தெரியும். தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்தேன்ல, அதுலயே தெரிஞ்சுபோச்சு." இதழை மூடி வைத்தான். "இத்தனை வருஷம் பண்ணிட்டு யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நின்றார். அவருக்கும் இது புதுச் செய்தி என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"டயரை மாத்திப் பாருண்ணா" என்றேன்.

"விடு. சமாதானத்துக்குச் சொல்லாத."

சமாதானத்துக்குச் சொல்லவில்லை! ஒரு உண்மையை நம்புகிறவன், அடுத்த உண்மையை ஏன் நம்பமாட்டேன் என்கிறான்?

ஏப்ரல் 16, புதன்

மருந்துக்கடை அம்மா ரோட்டைத் தாண்டி வந்து பிடித்துக்கொண்டார். "உங்க அண்ணன்னு ஒருத்தர் வந்தாரு. பல் டாக்டராம். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமான்னார். நானும் சரின்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கடையைச் சாத்துற வரைக்கும் வரல. நான் பஸ்ஸுல போகணுமோன்னு பயந்துட்டேன். வந்து இறங்கினப்ப தலையெல்லாம் கலைஞ்சு, சின்னப் பையன் மாதிரி நிக்கறாரு."

நம்ப முடியவில்லை. அண்ணனுக்கா தலை கலைந்தது?

ஏப்ரல் 27, ஞாயிறு

அண்ணன் மூத்ததை விற்கிறான். கப்பலில் என்ஜினியராக இருப்பவர் ஒருவர் வாங்குகிறார். அவர் போட்ட ஒரே நிபந்தனை, பழைய அளவு ஒல்லி டயர் மாட்டித் தர வேண்டும். மாட்டிவிட்டானாம்! நான் சொன்னால் கோபம், கப்பல்காரர் சொன்னால் சரி.

இளையதில் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கியும்விட்டான். நீலம்.

"டயர் மாத்தினப்புறம் ஓட்டிப் பாத்தியா?"

"எதுக்கு? போகப்போற வண்டி."

பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு கேட்டேன், இத்தனை நாள் கேட்க வராததை: கொடுப்பதற்கு முன் ஒருமுறை நான் தனியாக ஓட்டட்டுமா?

"எடுத்துக்கோ" என்றான். அவ்வளவு சுலபமாக.

மே 4, ஞாயிறு

காலையில் ஆற்றோரப் பாதையில் போனேன். பக்கத்து சீட் காலி.

வேறு வண்டி அது. விரல் நுனியில் திரும்பியது. ரோட்டின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் உள்ளங்கைக்கு வந்து போனது. வேகமே இல்லை, ஆனால் வேகம் தேவைப்படவும் இல்லை. கியர் மாற்றம் ஒவ்வொன்றும் நானே செய்துமுடித்த ஒரு சின்னக் காரியம். இளைய வண்டி எனக்காக எல்லாம் செய்தது. இது என்னையும் சேர்த்துக்கொண்டு செய்தது. பாலத்தடியில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை. முதலிடம் இதற்குத்தான். நான் எழுதியது தப்பு. ஆசிரியர் எழுதியதும் தப்பு. அண்ணனுக்குத் தெருமுனையில் தெரிந்ததும் தப்பு.

திரும்பி வந்தபோது கப்பல்காரர் வாசலில் காத்திருந்தார். பணமெல்லாம் கொடுத்தாகிவிட்டது. அண்ணன் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றான்.

"எப்படி இருந்துச்சு?"

சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டான். ஆனால் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பரவாயில்லைண்ணா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நிம்மதியாகத் தோள் இரண்டும் இறங்கின அவனுக்கு. சாவியை என்னிடமிருந்து வாங்கிக் கப்பல்காரரிடம் கொடுத்து, "என்ஜின் சூடாகற வரைக்கும் அவசரப்படாதீங்க" என்றான்.

பிறகு நீல வண்டியில் என்னை வீட்டில் கொண்டுவிட்டான். கூரையை மடக்கிவிட்டு, மலையைச் சுற்றிக்கொண்டு, நீளமான வழியில். வழியெல்லாம் அவன்தான் பேசினான். அண்ணன் இவ்வளவு நன்றாக வண்டி ஓட்டுவான் என்று எனக்குத் தெரியாது.