நகாலாவிலிருந்து கேட்ட ‘பப்பா’

ஏப்ரல் 9

அம்மா தூங்கிவிட்டாள். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நாளை கணக்குப் பரீட்சை. படித்தது எதுவும் நிற்கவில்லை.

சாயங்காலம் பப்பா வீடியோ காலில் வந்தார். மொசாம்பிக்கில், நகாலா துறைமுகத்தில் இருக்கிறார். முந்திரிக்கொட்டை வாங்கி நம் தூத்துக்குடிக்குக் கப்பலேற்றும் வேலை. பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு சின்னப் பெண்ணின் குரல். “பப்பா! பப்பா!” அவர் திரும்பி அந்த ஊர்ப் பாஷையில் என்னமோ சொன்னார். உடனே “சிக்னல் இல்ல மக்களே” என்று வைத்துவிட்டார்.

எங்கள் கடற்கரைப் பிள்ளைகள்தான் அப்பாவை அப்படிக் கூப்பிடும். பள்ளியில் என் தோழி முத்துமாரிகூட அப்பா என்றுதான் சொல்வாள். அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அம்மா அடுப்படியில் சாளை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்காது.

ஏப்ரல் 10

கணக்கு போச்சு.

ஏப்ரல் 12

அம்மா திடீரென்று, “லீவுக்கு பப்பாட்ட போவோமாளா? வேளாங்கண்ணிய விட்டா எங்க போயிருக்கோம்? ஆப்பிரிக்காவுக்கே டூர் போவோம்” என்றாள்.

பப்பா போனில் மறுத்தார். “இங்கன என்ன இருக்கு? வெயிலும் கொசுவும்தான். சீசன் முடியவும் நானே வாரேன்.” சீசன் முடிந்து எத்தனையோ நாளாயிற்று. எனக்குத் தெரியாதா?

பப்பாவின் தங்கை பெர்சி அத்தை சிரித்தாள். “மதினி, எங்கண்ணன் அங்கன ஒரு குடும்பம் வச்சிருப்பான். போய்க் கெடுத்துராதிய.” அம்மாவும் சிரித்தாள். அம்மாட்ட சொல்லணுமா? சொன்னா வீடு என்னாவும்? சொல்லாம கூட்டிட்டுப் போனா —

ஏப்ரல் 19

டிக்கெட் எடுத்தாயிற்று. எடுத்த பிறகுதான் அம்மா பப்பாவிடம் சொன்னாள்.

ஏப்ரல் 23

துறைமுகத்துப் பக்கம் போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டோம். ஊசி என்றாலே எனக்குப் பயம். ஆனால் கண்ணை மூடவில்லை. இதைப் பார்க்க முடியாதவள் அங்கே போய் எதைப் பார்ப்பேன்?

“சிங்கம் ஒன்னியத் தின்னுட்டா ஒன் சயின்ஸ் நோட்டு யாருக்குளா?” என்றாள் முத்துமாரி.

மே 3

முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளை யாரென்று பப்பாவிடம் நானே கேட்பேன், முகத்துக்கு நேராக. அம்மா அழுதால் பக்கத்தில் நான் நிற்பேன்.

பயமாக இருக்கிறது. இருக்கட்டும். போவேன்.

மே 8, நகாலா

விமான நிலைய வாசலில் பெட்டி தூக்க வந்த மீசைக்காரன் பப்பாவைப் பார்த்து “பப்பா” என்றான். வாழைப்பழம் விற்றவள் ஒரு நரைத்த கிழவரைக் கூப்பிட்டாள், அதுவும் “பப்பா.” நான் நின்றுவிட்டேன்.

“இவிய ஏன் எல்லாரையும் பப்பாங்காவ?”

“மூத்த ஆம்பள எல்லாரும் இங்கன பப்பாதான். நம்மூர்ல அண்ணாச்சிங்கோம்லா, அது மாதிரி.”

அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். பப்பா பெட்டியோடு முன்னே போனதும் காதருகே கேட்டாள். “நீயும் அன்னைக்குக் கேட்டியோ?”

“அடுப்படில கேட்டுச்சாம்மா?”

“அதுக்குத்தானளா டிக்கெட்டே எடுத்தேன்.”

பப்பா இருப்பது முந்திரிக் கிடங்கின் மூலையில் பலகையால் தடுத்த ஓர் அறை. தரையில் பாய். கயிற்றில் சட்டைகள். “இதப் பாத்தா அழுவியன்னுதான் வரவேண்டாம்னேன்” என்றார், சுவரைப் பார்த்தபடி. அம்மா அழவில்லை. சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, திருப்பிப் பார்த்தாள். தூசியாம்!

அப்போது கிடங்குக் காவலாளியின் மகள் ஓடிவந்தாள். முன்பல் விழுந்த வாய். “பப்பா!” அதே குரல்.

மே 10

இன்று கடலுக்குப் போனோம். வெள்ளை மணல், அடி தெரியும் தண்ணீர். அம்மா சேலையோடு இடுப்பளவு இறங்கி, “ஏளா, பெர்சிக்குக் காட்டணும், போட்டோ எடு” என்று கத்தினாள். காவலாளியின் மகளும் கூட வந்தாள். என்னை “மானா” என்கிறாள். அக்கா என்று அர்த்தமாம்.

விளக்கை அணைக்காமல் எழுதுகிறேன்.

“என்னளா எழுதுத?” பாயிலிருந்து பப்பா கேட்கிறார்.

“டூர் பத்தி.”

“கொசு கடிக்கதையும் எழுது.”

எழுதிவிட்டேன்.